உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

அரிசி மூட்டை எண்ணிப் பழகிய கைகளுக்கு வீடியோ எடிட்டிங் எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேலி பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. மே 5 வணிகர் தினத்தை ஒட்டி, முடிச்சூர் சாலைக் கடைக்காரர்களின் பழைய நாட்களைத் தொகுத்துத் திரையிடும் பொறுப்பைச் சங்கம் எங்களிடம் கொடுத்தது. ஒரு வார வேலை என்று நினைத்தோம். ஒன்றரை மாதம் பிடித்தது.

கையில் இருந்தவை மூன்று வகை. ஒன்று, மறைந்த நம் முன்னாள் தலைவர் 1994இல் பேசிய பேச்சின் வி.எச்.எஸ். கேசட். அவர் குரல் இருப்பது அந்த ஒன்றில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டதை மறந்தவர் யார்? அன்று கீழே இருந்த கணக்குப் புத்தகமெல்லாம் கூழாயிற்று. பரணில் கிடந்ததால் கேசட் தப்பியது. இரண்டாவது, செல்போனில் எடுத்த வெள்ளக் காட்சிகள். மூன்றாவது, கடை சி.சி.டி.வி. பதிவுகள்.

கேசட்டை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினோம். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒருமுறை ஓட்டியதிலேயே டெக்கின் ஹெட் அடைத்துக்கொண்டது என்றும், இனி ஓட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆக, கிடைத்த ஃபைல் ஒன்றே கதி. அதை எடிட்டிங் மென்பொருளில் போட்டால், பேச்சு தொடங்கும்போது சரியாக இருக்கிறது. போகப் போக உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது. முடிவில் தலைவர் கும்பிட்டு உட்கார்ந்து நான்கு விநாடி கழித்து "வணக்கம்" கேட்கிறது. விழாவில் முதல் வரிசையில் அவர் துணைவியார் உட்காரப்போகிறார். இதையா காட்டுவது?

"ஒலியை நான்கு விநாடி முன்னுக்குத் தள்ளிவிடலாம் அண்ணாச்சி" என்றார் ஸ்டூடியோ தம்பி. தள்ளினால் முடிவு சரியாகும், தொடக்கம் கெடும். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு பிசகு என்றால் தள்ளிப் பார்க்கலாம். வளர்ந்துகொண்டே போகும் பிசகு வேறு நோய்.

அதே ஃபைலை வி.எல்.சி. பிளேயரில் ஓட்டிப் பார்த்தோம். உதடும் குரலும் ஒத்துப்போயின! அப்படியானால் சரக்கு கெடவில்லை, எண்ணிக்கையில்தான் கோளாறு. மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தபோது குட்டு வெளிப்பட்டது. நம் நாட்டு வீடியோ பால் முறை; விநாடிக்கு 25 படம். 22 நிமிடப் பேச்சுக்கு 33,000 படங்கள் இருக்க வேண்டும். இருந்தவை 32,900. சராசரி 24.92 என்றும், வேகம் மாறும் வகை என்றும் காட்டியது. நாடா நைந்த இடங்களில் 100 படங்கள் விழுந்துவிட்டன. வி.எல்.சி. ஒவ்வொரு படத்தின் நேரக் குறிப்பையும் பார்த்து ஓட்டுகிறது. எங்கள் எடிட்டிங் மென்பொருளோ விநாடிக்கு 25 என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணியது. 100 படம் குறைந்தால் நான்கு விநாடி முந்தாதா?

மருந்து எளியது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் படவேகம் 25, "கான்ஸ்டன்ட்" என்று குறித்து, ஒலியை 48,000 ஹெர்ட்ஸில் வைத்து மாற்றினோம். விழுந்த இடங்களில் முந்தைய படத்தையே இட்டு நிரப்பி 33,000ஐச் சரிக்கட்டியது. கை அசையும்போது சீப்புப் பல் போலக் கோடு தெரிந்ததற்கும் அதிலேயே "டீ-இன்டர்லேஸ்" இருக்கிறது. பழைய வீடியோ ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதிகளாகப் பதிவு செய்ததால் வரும் கோடு அது.

செல்போன் காட்சிகளுக்கும் பெரும்பாலும் இதே நோய், இதே மருந்து. சில மட்டும் திறக்கவே மறுத்தன. எல்லாம் எம்.பி.4 தானே என்றால், சாக்கில் பொன்னி என்று அச்சடித்திருந்தால் உள்ளே பொன்னிதான் என்று எந்த வியாபாரி நம்புவார்? எம்.பி.4 வெறும் சாக்கு. உள்ளே 2003இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 இருக்கலாம். பின்னதைப் பழைய கணினி தாங்காது. மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேதாரம் உண்டு. மூட்டையை நாலு முறை பிரித்துக் கட்டினால் எடை குறைவதைப் போல. எனவே எப்போதும் மூல ஃபைலிலிருந்தே மாற்ற வேண்டும், மாற்றியதிலிருந்து அல்ல. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோ வழியிலேயே சுருங்கிவிடுகிறது. "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினோம்.

சி.சி.டி.வி. பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். திருட்டுப் புகாருக்குப் போகும் அன்பர்கள், பார்க்க வசதியாக மாற்றிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு டி.வி.ஆரில் உள்ள மூலத்தை அழியவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் தரவேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் எண்ணும் கேட்கிறார்கள். ஃபைலை மாற்றினால் அந்த எண்ணும் மாறிவிடும். பழைய பதிவின் மேல் புதியது ஏறுவதற்குள் மூலத்தை அப்படியே வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

விழாவன்று பேச்சு உதட்டோடு ஒட்டி வந்தது. அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னார்கள், போட்டோம்.

உலகில் கடைசியாக வி.சி.ஆர். செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. ஓடும் டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து எங்கள் கிடங்கில் வைத்திருக்கிறோம். பழைய கேசட் வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஞாயிறு பிற்பகலில் கொண்டுவரலாம். பூஞ்சை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.