படகு டிரெய்லர்: ஹப்பையும் பிரேக்கையும் சேர்த்தே பாருங்கள்

படகு டிரெய்லரின் சக்கரம் படும் பாடு வேறெந்த வண்டிச் சக்கரத்துக்கும் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய கையோடு, படகை இறக்குவதற்காக அதை அச்சு முங்கத் தண்ணீருக்குள் தள்ளுகிறோம். டொரண்டோவிலிருந்து சிம்கோ ஏரிக்குப் படகை இழுத்துப் போகிறவர்கள் கோடை முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். எஞ்சினைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பவர்கள்கூடச் சக்கரத்தின் பக்கம் குனிவதில்லை.

ஹப்புக்குள் கூம்பு உருளை பேரிங்குகள் இரண்டு, அவற்றைச் சுற்றிக் கிரீஸ், பின்பக்கம் ஒரு ரப்பர் சீல். ஓடும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது. குளிர்ந்த ஏரியில் முங்கியதும் அது சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நின்ற இடத்தில் நிற்கும் வாரங்களில் உருளைகள் துருப்பிடித்து, அடுத்த பயணத்தில் நடுச்சாலையில் பேரிங் பொரிந்துபோகும். அதனால் துறைக்கு வந்தவுடன் பின்னோக்கி இறக்காதீர்கள். கட்டுகளை அவிழ்ப்பது, சாமான் ஏற்றுவது போன்ற வேலைகளை முதலில் முடியுங்கள். அதற்குள் ஹப் ஆறிவிடும்.

‘பேரிங் பட்டி’ போன்ற ஸ்பிரிங் மூடிகள் கிரீஸை லேசான அழுத்தத்தில் வைத்துத் தண்ணீர் புகாமல் தடுக்கின்றன. நல்ல பொருள்தான். ஆனால் அது இருக்கும் தைரியத்தில் கிரீஸ் கன்னால் அடித்துக்கொண்டே இருந்தால் பின்சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக் ஷூவில் வழியும். பிறகு பிரேக் பிடிக்காது. அதே மாதிரி, விடாமல் உரசும் பிரேக் ஹப்பைக் காய்ச்சிக் கிரீஸை உருக்கிவிடும். ஒன்றின் கோளாறு மற்றதில் தெரிவதால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கண்டுபிடிக்க உங்கள் கையே போதும். முதல் நிறுத்தத்தில் இருபக்க ஹப்புகளுக்கும் அருகே கையைக் கொண்டுபோய், அனல் அடிக்கவில்லை என்றால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடோ, ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடோ இருந்தால் கோளாறு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கொரகொரவென்று அரைபட்டால் பேரிங். சுற்றவே கனமாக, உரசலோடு நின்றால் பிரேக். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது கடகடவென்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் நட்டு தளர்ந்திருக்கிறது. ரிம்மின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் சீல் போய்விட்டது.

கழற்றும்போது கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உருளைகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள்: நீலம் பாய்ந்திருந்தாலோ, புள்ளிக் குழி விழுந்திருந்தாலோ தூக்கிப்போடுங்கள். பேரிங் மாற்றினால் அது உட்காரும் வளையத்தையும் கூடவே மாற்ற வேண்டும். சீலும் காட்டர் பின்னும் எப்போதும் புதிது. இருவகைக் கிரீஸைக் கலக்காதீர்கள். நட்டை முறுக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகிப் பின்னை மாட்டுங்கள். அழுத்தி முறுக்கிய நட்டு, கிரீஸ் இருந்தும் பேரிங்கை எரித்துவிடும்.

படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது உந்து பிரேக். கார் வேகம் குறைக்கும்போது பின்னாலிருந்து டிரெய்லர் முட்டுகிறது. இணைப்புத் தலை உள்ளே சறுக்கி மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. மின்காந்தத்தால் பிடிக்கும் பிரேக்குக்குத் தண்ணீர் பகை என்பதால் இந்த ஏற்பாடு. சறுக்கும் பாகம் துருவேறி இறுகினால் பிரேக்கே பிடிக்காது. உள்ளே போனது திரும்பாவிட்டால் விடாமல் பிடித்து ஹப் கொதிக்கும். டிஸ்க் பிரேக் வைத்த வண்டி மேட்டில் பின்னோக்கிப் போகும்போது பூட்டிக்கொண்டால், ரிவர்ஸ் விளக்கிலிருந்து வரும் ஐந்தாவது வயரை முதலில் பாருங்கள். அந்த மின்சாரம் வந்தால்தான் பிரேக்கைத் தடுக்கும் வால்வு வேலை செய்யும். பின்னோக்கிப் போகையில் தானே விடுபடும் டிரம் வகையைச் சரிசெய்யும்போது சக்கரத்தை முன்னோக்கி மட்டுமே சுற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கருத்துப்போனால் மாற்றுங்கள். காற்று எடுப்பதைத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள்.

ஃபுளோரிடாபோல் உப்புத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் அன்றைக்கே டிரம்முக்குள்ளும் நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். இரும்புக் குழாய் பிரேக் லைன்கள் உப்பில் நிலைக்காது. மாற்றும்போது செம்பு-நிக்கல் குழாய் போடுவது நல்லது.

ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்கு பிரேக் சட்டப்படி கட்டாயம். அங்கே ஹப்பைத் திறக்க ஏற்ற காலம் பனிக்கு முந்தைய இலையுதிர் காலம். வசந்தம் வரட்டும் என்று விட்டால், உள்ளே நின்ற தண்ணீர் குளிர்காலம் முழுக்கத் துருவை வளர்க்கும். பேரிங்கும் கிரீஸும் போட்டுத் தயாரான உதிரி ஹப் ஒன்றை, பொருந்தும் ஸ்பேனரோடு காரில் வைத்திருங்கள்.