தாழ்ந்த குரலுக்கும் மேடை உண்டு: மேற்கின் ‘பாரிடோன்’ பாடகர்களும் சித்தூர், திருப்பதி இசைமரபும்

திருப்பதி: மேற்கத்திய இசைநாடகமான ஓபராவில் ஆண்குரலுக்கு மூன்று பெரும்பிரிவுகள் உண்டு. உயர்ந்து ஒலிப்பது டெனர். மிகத் தாழ்ந்து ஒலிப்பது பேஸ். இரண்டுக்கும் இடையே நிற்பது பாரிடோன். ஆண்களில் பெரும்பாலோருக்கு இயற்கை அளித்திருப்பது இந்த இடைக்குரலே என்பது குரலாசிரியர்களின் பொதுக்கருத்து. கர்நாடக இசையில் இத்தகைய பிரிவு கிடையாது. பாடகர் தமக்கேற்ற சுருதியைத் தாமே தேர்ந்துகொள்கிறார்; ஆகவே குரலுக்குப் பெயர் சூட்ட வேண்டிய தேவையும் எழவில்லை.

ஆயினும் பெயரில்லாத காரணத்தால் அக்குரல் இல்லாமற் போய்விடுவதில்லை. ஆண் பாடகர் ஒருவர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறார் எனக் கொள்வோம். அவருடைய மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். முழுக் கச்சேரி செய்ய அவர் மந்திர பஞ்சமம் வரை இறங்கவும் தார பஞ்சமம் வரை ஏறவும் வேண்டும். அதாவது 98 ஹெர்ட்ஸிலிருந்து 392 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு ஸ்தாயி. ஓபரா ஆசிரியர்கள் பாரிடோனுக்கு வகுத்திருக்கும் எல்லையும் ஏறக்குறைய இதுவே. சுருதியை இரண்டு கட்டையாக உயர்த்தினால் தார பஞ்சமம் 440 ஹெர்ட்ஸை எட்டுகிறது. மேற்கின் பாரிடோன்கள் மிக அரிதாகவே தொடும் இடம் அது.

ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையிலான இந்தச் சிறு தொலைவில்தான் பல இளைஞர்களின் இசை வாழ்வு தீர்மானிக்கப்படுகிறது.

மேற்கில் பாதை எப்படி?

ஓபராவில் தாழ்ந்த ஆண்குரல்கள் அனைத்தும் நெடுங்காலம் பேஸ் என்றே அழைக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில்தான் பாரிடோன் தனி இனமாக நிலைபெற்றது. ரோசினியின் ‘செவில் நகரத்து நாவிதன்’ (1816) ஓபராவில் வரும் ஃபிகாரோ, வெர்டியின் ‘ரிகொலெட்டோ’ (1851), புச்சினியின் ‘டோஸ்கா’வில் (1900) வரும் ஸ்கார்ப்பியா ஆகியவை இக்குரலுக்குரிய புகழ்பெற்ற வேடங்கள். காதலன் டெனர் என்றால், தந்தையும் எதிராளியும் தந்திரக்காரனும் பாரிடோன். நம் திரையுலகிலும் கனத்த குரலுக்கு இவ்வேடங்களே வாய்த்தன என்பது தற்செயல் அன்று போலும்.

ஓபராப் பாடகர் ஒலிவாங்கியின் துணையின்றி முழு வாத்தியக் குழுவையும் மீறிக் கேட்கப்பட வேண்டும். வாத்தியக் குழுவின் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் அருகே மிகுந்திருக்கும். பயிற்சி பெற்ற ஆண்குரலிலோ 3,000 ஹெர்ட்ஸ் அருகே தனியொரு செறிவு உண்டாகிறது. ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி விரிவாக ஆராய்ந்த உண்மை இது. அந்தச் செறிவு கைகூடப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் கனமான வேடங்களை இளம் பாரிடோன்களுக்கு ஆசிரியர்கள் எளிதில் தருவதில்லை. முப்பது வயதைக் கடந்த பின்னரே அக்குரல் முதிர்கிறது என்று காத்திருக்கச் சொல்வார்கள்.

இன்னொரு பாதை பாட்டுக் கச்சேரி. ஒரு பியானோ, ஒரு பாடகர், கவிதைக்கு இசையமைத்த தனிப்பாடல்கள். ஜெர்மன் மொழியில் இதற்கு ‘லீட்’ என்று பெயர். ஜெர்மனியின் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் (1925–2012) இத்துறையில் உலகப்புகழ் பெற்ற பாரிடோன். ஷூபர்ட் 1827-இல் இயற்றிய ‘குளிர்காலப் பயணம்’ என்னும் 24 பாடல்களின் தொகுதியை அவர் மீண்டும் மீண்டும் பதிவு செய்தார். அப்பாடல்கள் முதலில் உயர்ந்த குரலுக்காக எழுதப்பட்டவை. அவர் அவற்றைத் தம் குரலுக்கேற்பச் சுருதி இறக்கிப் பாடினார். அதனை எவரும் குறையாகக் கருதவில்லை. உயர்குரல், இடைக்குரல், தாழ்குரல் என மூன்று சுருதிகளில் ஒரே பாடல்நூலைப் பதிப்பகங்கள் அச்சிட்டு விற்கின்றன.

இங்கேதான் முக்கிய வேறுபாடு இருக்கிறது. ஓபராவில் சுருதி இசையமைப்பாளரால் விதிக்கப்பட்டது. பாடகர்தான் அதற்குப் பொருந்த வேண்டும். பாட்டுக் கச்சேரியில் பாடலே பாடகருக்குப் பொருந்துகிறது. கர்நாடகக் கச்சேரி இரண்டாவது வகையின் உறவினர்; இன்னும் சொன்னால், அதைவிட அதிகச் சுதந்திரம் உடையது.

இரு பாதைகளும் ஒரே மேடையில் மோதிய ஆண்டு 1989. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பிபிசி நடத்தும் பாடகர் போட்டியின் இறுதிச் சுற்றில் ரஷ்யாவின் திமித்ரி ஹ்வொரஸ்தோவ்ஸ்கியும் வேல்ஸின் பிரின் டெர்ஃபெலும் நின்றனர். இருவரும் இருபதுகளில் இருந்த பாரிடோன்கள். முதற்பரிசு ஹ்வொரஸ்தோவ்ஸ்கிக்கு, தனிப்பாடலுக்கான பரிசு டெர்ஃபெலுக்கு. ‘பாரிடோன்களின் போர்’ என்று இன்றும் அதனைக் குறிப்பிடுகிறார்கள். தோற்றவர் என்று எவரையும் சொல்ல முடியாதபடி இருவரும் உலக மேடைகளில் உயர்ந்தார்கள்.

சித்தூரின் குரல்

நம் பக்கத்தில் இதற்கு நிகரான காட்சி ஒன்றைத் தேடினால், 1941-இல் வெளிவந்த ‘அசோக்குமார்’ தமிழ்ப்படத்தைச் சொல்லலாம். இளவரசன் குணாளனாக எம்.கே.தியாகராஜ பாகவதர், பேரரசர் அசோகராகச் சித்தூர் வி.நாகையா. உயர்ந்த சுருதியில் பாடிப் புகழின் உச்சியில் இருந்தவர் பாகவதர். அவருக்கு எதிரே, பதற்றமில்லாத, அடங்கிய குரலுடன் நாகையா நின்றார்.

குண்டூர் மாவட்டம் ரேபள்ளியில் 1904-இல் பிறந்த நாகையா, வளர்ந்த ஊரான சித்தூரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் நாடகமேடையில் பாடத் தொடங்கிய காலத்தில் உயர்ந்த சுருதியே பாடகரின் தகுதியாக மதிக்கப்பட்டது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே! எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) அம்மரபின் சிகரம். பேசும்படமும் ஒலிவாங்கியும் வந்தபின் நிலை மாறியது. உரக்கப் பாடாமலும் உருக்க முடியும் என்ற நிலையில் நாகையாவின் குரலுக்கு வழி திறந்தது. தெலுங்கில் ‘பக்த போதனா’ (1942), அவரே இயக்கி இசையமைத்து நடித்த ‘தியாகய்யா’ (1946), ‘யோகி வேமனா’ (1947) ஆகிய படங்களில் இதனைக் காணலாம். தமிழில் ‘மீரா’வின் ராணா, ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தின் நாயகன். 1965-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஈட்டிய செல்வத்தையெல்லாம் இழந்து 1973-இல் மறைந்தார். சென்னைப் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு.

அதே ஊர்ப்பெயரைத் தாங்கிய இன்னொருவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975). காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். 1954-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி. லயக்கட்டும் பல்லவியும் அவருடைய சிறப்பு. நாயனா பிள்ளையின் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனத் தாள வாத்தியங்கள் திரண்டு நிற்கும். அவற்றினிடையே குரல் அமிழாமல் பாடும் பயிற்சி ஓபராப் பயிற்சிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அப்பயிற்சியின் வழிவந்தவர்தான் கனத்த குரலால் தமிழகத்தைக் கட்டிப்போட்ட மதுரை சோமு.

திருமலையின் அடிவாரத்தில்

திருப்பதியின் இசைவாழ்வு திருமலையைச் சுற்றியே அமைந்தது. அங்கே தாழ்ந்த ஆண்குரல் அந்நியமானதன்று. தேவஸ்தானத்தின் ஆஸ்தானப் பாடகராக இருந்த கண்டசாலா (1922–1974) அத்தகைய ஆழ்ந்த குரலுக்காகவே நினைக்கப்படுகிறார். அவருக்குப் பின் கரிமெல்லா பாலகிருஷ்ண பிரசாத். 1978-இல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியபோது சேர்ந்து, 2006 வரை பணியாற்றினார். திருமலைக் கோயிலில் செப்பேடுகளாகக் கிடந்த தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்களில் 600-க்கும் மேற்பட்டவற்றுக்கு மெட்டமைத்தார். அவர் பாடும் முறையில் ஆர்ப்பாட்டமில்லை. சொல்லைக் கேட்பவர் காதருகே வைத்துவிட்டு நகர்வது போலிருக்கும். 2025 மார்ச் 9 அன்று, 76-ஆம் வயதில், திருப்பதியில் காலமானார்.

எழுதிப் பாடுபவரே பாட்டுக்குச் சுருதியும் மெட்டும் அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு மேற்கில் எந்த ஓபரா பாரிடோனுக்கும் இல்லை. கரிமெல்லா அமைத்த மெட்டுகள் சாமானியர் குரலுக்கும் எட்டுவதால்தான் பஜனைக் கூடங்களிலும் வீடுகளிலும் பரவின என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இன்று திருப்பதியில் வளரும் இளைஞருக்கு எதிரே இருக்கும் படிகள் தெளிவானவை. தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேசுவரா இசை, நடனக் கல்லூரி. மகதி கலையரங்கம், அன்னமாச்சாரியா கலாமந்திரம் ஆகியவற்றின் மேடைகள். திருமலையில் நாத நீராஜனம். ஆகாசவாணியின் குரல்தேர்வும் அதன் ‘பி’, ‘பி-ஹை’, ‘ஏ’, ‘ஏ-டாப்’ தரங்களும். அப்பால், மூன்று மணி நேரப் பயணத்தில், சென்னையின் மார்கழி மேடைகள். ஓபராவையே நாடுவோருக்கும் சென்னை அருகில்தான், ஏ.ஆர்.ரகுமான் 2008-இல் நிறுவிய கே.எம். இசைக்கல்லூரியில் மேற்கத்தியக் குரற்பயிற்சி கற்பிக்கப்படுகிறது.

சிக்கல் எங்கே?

சிக்கல் முதற்படிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 12 முதல் 15 வயதுக்குள் சிறுவர்களுக்கு மகரக்கட்டு நேர்கிறது. குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்க, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. அவ்வயதில் இசை வகுப்புகளில் பெண்பிள்ளைகளே மிகுதி. அவர்களுக்கேற்ற ஐந்து, ஐந்தரைக் கட்டையிலேயே வகுப்பு முழுவதும் நடக்கும். குரல் உடைந்த பையன் அச்சுருதியில் மேலே பாடினால் தொண்டை இறுகும். ஒரு ஸ்தாயி கீழே பாடினால் மந்திர ஸ்தாயி காற்றாகிவிடும். இரண்டில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, “எனக்குக் குரல் போய்விட்டது” என்று மிருதங்கத்துக்கோ கணினிப் படிப்புக்கோ போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணி வைக்கவில்லை.

தப்பித்து வந்தவர்களுக்கும் அழுத்தம் உண்டு. சுருதி உயர்ந்தால் கச்சேரி களைகட்டும் என்ற எண்ணம் சபாக்களிலும் பக்கவாத்தியக்காரர்களிடமும் வேரூன்றியது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. சுருதி மிகத் தாழ்ந்தால் வயலின் தந்திகள் தளர்ந்து நாதம் மங்கும். மிருதங்கத்திலும் தாழ்ந்த சுருதிக்கு நீளமான ‘தக்கு’ மிருதங்கம் வேண்டும். உயர்ந்த சுருதிக்குரிய ‘ஹெச்சு’ மிருதங்கம் ஒன்றே வைத்திருக்கும் இளம் வாத்தியக்காரர் பாடகரையே அரைக் கட்டை ஏற்றச் சொல்வார். பாடகரும் இளையவர்; மறுக்க மாட்டார். தார ஸ்தாயியில் இரண்டு மணி நேரம் முட்டிய குரல் மறுநாள் கரகரக்கும். அதுவே வழக்கமானால் குரல்நாணில் முடிச்சுகள் தோன்றக்கூடும். மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை; கஷாயத்தில் காலங்கடத்துவோரே அதிகம்.

சுருதியை இறக்கினால் சுவை குன்றும் என்போருக்கு நாகஸ்வரமே விடை சொல்லும். முற்காலத்தில் வழங்கியது உயர்ந்த சுருதியுடைய திமிரி நாயனம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாயனத்தைப் பரப்பினார். நாதசுர உலகமே அவர் பின்னால் சென்றது. (பாரி நாயனத்துக்கும் பாரிடோனுக்கும் சொல்லளவில் உறவில்லை, பின்னது ‘கனத்த ஒலி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.)

வாய்ப்பாட்டில் அச்சமின்றி இறங்கி நின்றவர் எம்.டி.ராமநாதன் (1923–1984). கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்றவர். ஒரு கட்டைக்கும் கீழான சுருதியில், மெல்ல நகரும் காலப்பிரமாணத்தில் பாடினார். அவர் வாழ்நாளில் அதனைக் கேலி செய்தவர்களும் உண்டு. 1974-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கீத கலாநிதி கடைசி வரை கிடைக்கவில்லை. இன்றோ இளைய பாடகர்கள் பலர் அவர் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். அவரைப் பின்பற்ற விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அச்சுருதி அவருக்குப் பொருந்தியது. இரண்டு கட்டையில் இயல்பாக ஒலிக்கும் குரலை ஆழம் வேண்டி வலிந்து கீழே இறக்குவதும், தாழ்ந்த குரலை வலிந்து ஏற்றுவதைப் போலவே தீங்கானது.

பொருத்தத்தைச் சோதிக்க மூத்த ஆசிரியர்கள் கையாளும் வழி எளியது. காலையில், குரல் திறக்கும் முன், சத்தமின்றி மந்திர பஞ்சமத்தில் நிற்கச் சொல்வார்கள். மாலையில், ஒரு மணி நேரம் பாடிய பின், முகம் சுளிக்காமல் தார பஞ்சமத்தைத் தொடச் சொல்வார்கள். இரண்டும் இயலுகின்ற கட்டையே அந்த மாணவரின் சுருதி. மகரக்கட்டு முடிந்து ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து ஒருமுறையும், இருபது வயதைத் தாண்டியபின் மறுமுறையும் இதனைச் செய்து பார்ப்பது நல்லது. குரல் அதற்குள் அரைக் கட்டை நகர்ந்திருக்கக்கூடும்.