பணிபவரின் குரல் எங்கே?



1922ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்று. கண்டி நகரில் தீப்பந்த ஒளியில் பெரஹரா செல்கின்றது. இலங்கைக்கு வருகை தந்திருந்த வேல்ஸ் இளவரசரைக் கௌரவிக்க நடந்த விசேட பெரஹரா அது. அதனைப் பார்த்து நின்றவர்களுள் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லோறன்ஸ். ஏறத்தாழ ஆறு வாரங்கள் அவர் கண்டியில் நண்பர் ஒருவரின் பங்களாவில் தங்கியிருந்தார். அந்த இரவின் அனுபவமே 1923இல் வெளியான அவரது கவிதைத் தொகுதியில் "யானை" என்னும் கவிதையாக இடம்பெற்றது.

கவிதையின் சாரம் இதுதான்: யானைகள் வணங்குகின்றன. மக்கள் பணிவதற்குக் காத்து நிற்கின்றனர். இளவரசரோ களைத்துச் சோர்ந்திருக்கிறார். பணிவை ஏற்பதற்கும் ஓர் ஆளுமை வேண்டும். அது அவரிடம் இல்லையே என்று கவிஞர் ஏங்குகிறார்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயத்திற்கு இக்கவிதை நல்லதொரு வாயிலாகும். வளர்ந்தோருக்கான காம இலக்கியத்தில் ஆதிக்கம், அடிபணிவு, கட்டுண்டிருத்தல், வலி ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட ஒரு வகை உண்டு. ஆங்கிலத்தில் பி.டி.எஸ்.எம். என்ற சுருக்கப் பெயரால் அதனைக் குறிப்பிடுவர். இவ்வகைக் கதைகள் இலக்கியமாவது எப்போது, வெறும் கிளர்ச்சிச் சரக்காகி விடுவது எப்போது? விடை பாத்திரவார்ப்பில் உள்ளது என்பதே எனது கருத்து.

இவ்வகையின் மூலநூல்களுள் ஒன்று, ஒஸ்திரிய எழுத்தாளர் சாஹர்-மசோக் 1870இல் வெளியிட்ட "உரோம ஆடையணிந்த வீனஸ்". செவெரின் என்னும் கனவான், தான் காதலிக்கும் வாண்டாவிடம் தன்னை அடிமையாக ஏற்குமாறு மன்றாடுகிறான். அவள் முதலில் தயங்குகிறாள். பின்னர் ஒப்பந்தம் எழுதப்படுகின்றது. அவன் பெயர் மாறுகின்றது. வேலைக்காரன் உடையில் அவளோடு புளோரன்ஸ் நகருக்குச் செல்கிறான். இங்கே கதையை நகர்த்துவது சாட்டை அன்று. அடிமை எனப்படுபவனே நாடகத்தை எழுதுபவன். எஜமானி எனப்படுபவளோ அவன் எழுதிய வேடத்தைப் பூண்டவள். அந்த வேடம் மெல்ல மெல்ல அவளுடைய உண்மை முகமாகி விடுகின்றது. இந்த மாற்றமே கதை. முடிவில், உரிமையிலும் கல்வியிலும் தொழிலிலும் பெண் சமமானால்தான் அவள் ஆணுக்குத் துணையாக முடியும் என்ற தெளிவு செவெரினுக்கு ஏற்படுகின்றது. இந்த ஆசிரியரின் பெயரிலிருந்தே 1890இல் ஒரு மருத்துவர் "மசோகிசம்" என்ற சொல்லை உருவாக்கினார். நோயின் பெயராய் நிலைத்த அளவுக்கு நாவல் வாசிக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

1954இல் பாரிசில் வெளியான "ஓ-வின் கதை" அடுத்த மைல்கல். புனைபெயரில் வந்த இந்நூலை ஆண் ஒருவரே எழுதியிருப்பார் எனப் பலர் நம்பினர். நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1994இல், அதனை எழுதியவர் தாமே என்று டொமினிக் ஓரி என்ற பெண்மணி ஒப்புக்கொண்டார். ஒரு பெண்ணின் மனத்துள் இருந்தே கதை சொல்லப்படுவதும், அவளது சம்மதம் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவதும் இதன் உத்தி. ஆயினும் அவள் படிப்படியாகத் தன் சுயத்தை இழப்பதைக் காணும் வாசகர், இந்தச் சம்மதத்திற்கு என்ன பொருள் என்று கேளாமல் இருக்க முடியாது.

லோறன்ஸின் "காதலில் பெண்கள்" (1920) இவ்வகையைச் சேர்ந்ததன்று. எனினும் அதில் ஒரு காட்சி உண்டு. புகையிரதக் கடவையில் மிரளும் குதிரையை ஜெரால்ட் இரத்தம் கசியக் குத்தி அடக்குகிறான். சகோதரியர் இருவர் பார்த்து நிற்கின்றனர். ஒருத்தி ஆத்திரத்தோடு கூச்சலிடுகிறாள். மற்றவள் மயங்கி நிற்கிறாள். ஒரே செயல், இரண்டு மனங்கள். பின்னர் ஜெரால்டுக்கும் அந்த மற்றவளுக்கும் இடையில் மூளும் காதல், யார் யாரை வெல்வது என்ற போராய் மாறி மரணத்தில் முடிவதற்கு இக்காட்சியே வித்து.

நமது மரபுக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. திருக்குறளின் இறுதி அதிகாரம் ஊடலின் இன்பத்தைப் பேசுகின்றது. அங்கே தோற்றவரே வென்றவர். ஆனால் அந்தத் தோல்வி இருவரும் அறிந்து ஆடும் ஆட்டத்தில் விரும்பி ஏற்ற தோல்வி.

மீண்டும் கண்டி வீதிக்கு வருவோம். அங்கிருந்தோர் பணிய விரும்பினர் என்று சொன்னவர் யார்? லோறன்ஸ்தான். தீப்பந்தம் ஏந்தியவனிடமோ யானைப்பாகனிடமோ கவிதை எதுவும் கேட்கவில்லை. அவர்கள் ஆளப்பட்ட நாட்டின் மக்கள்; மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. கவிதையில் பெயரும் குரலும் இல்லாத அவர்களுக்கு விருப்பம் மட்டும் கற்பித்துக் கொடுக்கப்பட்டுள்ளது.

ஆதிக்கம் பற்றிய எந்தக் கதையிலும் நேரக்கூடிய பிழை இதுவே. "அவள் உள்ளூர விரும்பினாள்" என்று எழுத்தாளர் எழுதிவிட்டால் போதாது. அவள் யார், எதற்கு அஞ்சுகிறாள், "போதும்" என்றால் மற்றவர் நிறுத்துவாரா என்பவை கதையில் தெரிய வேண்டும். மறுக்கக் கூடியவரின் சம்மதமே சம்மதம். கதாநாயகனின் அறையைக் காதலின் அடையாளமாகக் காட்டும் திரைப்படங்களையும் தொடர்கதைகளையும் நாம் அறிவோம். நம் நாட்டில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல்தான் வந்தது. அடியைப் பொறுத்துக்கொண்டவளை விரும்பி ஏற்றவளாகச் சித்திரிக்கும் கதை, வளர்ந்தோருக்கான கதையன்று. அது பொய்க் கதை.

ஆகவே நேயர்களே, இத்தகைய நூலொன்று கைக்கு வந்தால் முகம் சுளிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பணிபவரின் குரல் இதில் கேட்கின்றதா? கேட்குமானால், அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். மனிதர் இருக்கும் இடத்திலேயே இலக்கியம் தொடங்குகின்றது.