ஓசையின்றி ஒளி கவரும் நோய்

பார்வை மங்கினால், "வெள்ளை படர்ந்திருக்கும், வெட்டினால் சரியாகும்" என்று நாம் ஆறியிருக்கின்றோம். குளுக்கோமா எனும் கண்ணோய் அத்தகையதன்று. அது நோவின்றிப் பார்வை நரம்பை அரித்து, பெரும்பாலும் ஓரப்பார்வையையே முதலிற் கவரும். இழந்தது மீளாது. கண்ணின் அழுத்தம் இயல்பாயுள்ளோரையும் அது விடுவதில்லை. எனவே அழுத்தத்தை அளப்பது மட்டும் போதாது.

1991இல் அமெரிக்க ஆய்வாளர் அறிவித்த ஓ.சி.ரி. முறை, ஒளியைச் செலுத்தி நரம்பிழைப் படலத்தின் தடிப்பை அளக்கின்றது. பார்வைக் குறையை நாம் உணருமுன்னரே தேய்வை அப்படம் காட்டக்கூடும்.

றிச்மண்ட் ஹில் கண் பரிசோதனை நிலையங்கள் பலவற்றில் இக்கருவி உண்டு. 20 முதல் 64 வயது வரையானோரின் வழமையான கண் பரிசோதனைச் செலவை ஒன்ராறியோ அரசு 2004இல் கைவிட்டது. படத்துக்கும் பெரும்பாலும் தனிக்கட்டணமே. அதற்கஞ்சி ஒத்திப்போடுகின்றோம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின் தாமதம் தகாது. துளிமருந்து எஞ்சிய பார்வையையே காக்கும்.