சோடா விற்ற மைதானத்தில் கோப்பை: ஐ.எம்.விஜயனின் கால்பந்து வாழ்க்கை

திருச்சூர் நகராட்சி மைதானத்தில் 1990-ம் ஆண்டு ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. கோவாவின் சல்காக்கர் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் கேரள போலீஸ் அணி வென்றது. கேரள அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் முறை. வென்ற அணியின் முன்கள வீரர்களில் ஒருவருக்கு அந்த மைதானத்தின் ஒவ்வொரு படியும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, அதே படிகளில் ஏறி இறங்கி, ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு அவர் சோடா விற்றிருக்கிறார். பாட்டிலுக்கு அவர் கையில் நின்றது பத்துக் காசு.

அவர்தான் ஐ.எம்.விஜயன். சினிமா பார்க்கிற நம் ஊர் இளைஞர்களுக்கு அவரை 2006-ல் வந்த ‘திமிரு’ படத்தின் வில்லனாகத் தெரியும். ‘பிகில்’ படத்திலும் முகம் காட்டினார். ஆனால் அந்தப் படங்களுக்கு முன்பே அவர் இந்திய அணியின் முன்கள வீரர், அணித் தலைவர், அர்ஜுனா விருது பெற்றவர். 2025-ல் பத்மஸ்ரீ விருதும் வந்து சேர்ந்தது.

திருச்சூரில் ஏழைத் தலித் குடும்பம் ஒன்றில் 1969 ஏப்ரல் 25-ல் பிறந்த பையன், நாட்டின் மூலைக்கு மூலை அணி மாறி மாறி ஆடிப் பிழைத்த கதை இது. விளையாட்டில் ஆசை உள்ள பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இதில் வெற்றி மட்டும் இல்லை, வேலைக் கணக்கும் இருக்கிறது.

போலீஸ் வேலை தந்த தரை

திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம் என்று சொல்வார்கள். விஜயனின் திறமை மைதானத்தில் இருந்தது; வயிறு வீட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தது ஒரு வேலை. அப்போது கேரளக் காவல் துறைத் தலைவராக இருந்த எம்.கே.ஜோசப், போலீஸ் துறைக்கு வலுவான கால்பந்து அணி வேண்டும் என்று இளைஞர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இந்தப் பையன் பட்டான். 1987-ல் விஜயன் கேரள போலீஸ் அணிக்காக ஆடத் தொடங்கியபோது இருபது வயதுகூட ஆகவில்லை.

வி.பி.சத்யன், சி.வி.பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ என்று அந்த அணியில் பெரிய பெயர்கள் இருந்தன. 1990-ல் திருச்சூரிலும், 1991-ல் கண்ணூரிலும் அந்த அணி அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. சோடா விற்ற பையனுக்கு இப்போது சீருடை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், காலுக்கு பூட்ஸ் இருந்தது.

அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்து பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது. போலீஸ், ரயில்வே, வங்கி, ராணுவம் ஆகியவை ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. பஞ்சாபில் நூற்பாலை ஒன்று அணி வைத்திருந்தது. கோவாவில் சுரங்கத் தொழில் நடத்திய குடும்பங்கள் அணி வைத்திருந்தன. கொல்கத்தாவில் மட்டும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பழைய கிளப்புகள் ரசிகர் கூட்டத்தின் பலத்தில் நின்றன. அங்கே வேலை கிடையாது. சீசனுக்கு இவ்வளவு என்று பணம் பேசுவார்கள்.

வேலையா, பந்தா?

1991-ல் மோகன் பகான் அழைத்தது. விஜயன் கொல்கத்தா போனார். அடுத்த சீசனில் மீண்டும் கேரள போலீஸ். 1993-ல் மறுபடி மோகன் பகான். கையில் உள்ள அரசு வேலையை விடுவதா, கால் ஓடும் வரைதான் கிடைக்கும் பணத்தைப் பிடிப்பதா என்ற தடுமாற்றம் இந்தப் போக்குவரத்திலேயே தெரிகிறது. சொத்தும் பின்பலமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு முடிவு. கூலி வீட்டுப் பிள்ளைக்கு இது குடும்பத்தின் அடுத்த இருபது வருடம்.

1994-ல் பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. ஆலை அணிக்குப் போனார். மலையாளம் பேசுகிற பையன், கோதுமை ரொட்டி தின்கிற ஊரில் மூன்று ஆண்டுகள் நின்றார். அங்கே சிக்கிமிலிருந்து வந்த பாய்சுங் பூட்டியாவும் சேர்ந்துகொண்டார். தெற்கும் வடகிழக்குமாக அமைந்த இந்த முன்கள ஜோடியைத் தடுப்பது எதிரணிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. 1996-97-ல் தேசிய கால்பந்து லீக் முதல் முறையாக நடந்தபோது பட்டம் வென்றது ஜே.சி.டி.தான்.

1997-ல் கேரளத்தில் எஃப்.சி. கொச்சின் என்ற முழுத் தொழில்முறை கிளப் தொடங்கியது. விஜயன் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். அதே ஆண்டு மோகன் பகானை 3-1 என்று தோற்கடித்து அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றது. கேரள அணி எதுவும் அதுவரை அதை வென்றதில்லை. தமிழகத்தைச் சேர்ந்த முன்கள வீரர் ராமன் விஜயனும் கொச்சினுக்காக ஆடினார். 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். இத்தனை பேர் இருந்தும், ஆரவாரமாகத் தொடங்கிய அந்தக் கிளப் சில ஆண்டுகளிலேயே பணமில்லாமல் மூடப்பட்டது. கோப்பை வென்ற கிளப்புக்கே இந்தக் கதி என்றால், அதை நம்பி ஆடியவர்கள் நிலை என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு மீண்டும் மோகன் பகான், மீண்டும் கொச்சின், ஈஸ்ட் பெங்கால், மீண்டும் ஜே.சி.டி., கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், கடைசியாக ஈஸ்ட் பெங்கால். 1987 முதல் 2006 வரை ஆறு அணிகளின் சட்டை. ஒரே கிளப்பில் வேரூன்றி நிற்கிற சொகுசு அவருக்கு வாய்க்கவில்லை. அறுவடைக்கு ஊர் ஊராகப் போகிற நம் மக்களைப் போல, எங்கே வேலை உண்டோ அங்கே போனார்.

நாட்டுக்காக ஆடியபோது

இந்திய அணிக்காக 60-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் விஜயன் களம் இறங்கினார். 25-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். 1997, 1999-ம் ஆண்டுகளில் தெற்காசியக் கோப்பையை இந்தியா வென்றபோது அணியில் அவர் இருந்தார். 1999-ல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூடானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-வது விநாடியில் அவர் போட்ட கோல், உலக அளவில் மிக வேகமான சர்வதேச கோல்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. நடுக்கோட்டிலிருந்து பந்து நகர்ந்ததை ரசிகர்கள் பார்த்து முடிப்பதற்குள் வலை ஆடிவிட்டது.

2003-ல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா இறுதி வரை போய் உஸ்பெகிஸ்தானிடம் தோற்று வெள்ளி வென்றது. அந்தப் போட்டியில் நான்கு கோல்கள் அடித்து முதலிடம் பிடித்தவர் 34 வயது விஜயன். அந்த வயதில் பல முன்கள வீரர்கள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அந்தத் தொடரோடு அவரும் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். ஆண்டின் சிறந்த வீரர் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அவரை மூன்று முறை தேர்ந்தெடுத்தது.

கொல்கத்தா ரசிகர்கள் அவரைக் ‘கறுப்பு மான்’ என்று கொண்டாடினார்கள். பத்திரிகைகள் ‘கறுப்பு முத்து’ என்று எழுதின. அன்பில் வைத்த பெயர்கள்தான். ஆனாலும் அவருடைய ஆட்டத்துக்கு முன்பாக அவருடைய நிறம் கண்ணில் பட்டிருக்கிறது என்பதையும் இந்தப் பெயர்கள் சொல்கின்றன. மைதானத்துக்குள் வந்துவிட்டால் சாதி ஓடிப்போகும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். மைதானத்துக்குள் வருவதற்கே எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்கலாம்.

நம் மாவட்டத்துக் கதை

புதுக்கோட்டைக்கு இது தெரியாத பாடம் அல்ல. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. நாட்டுக்காக ஓடிய தலித் பெண், பின்னர் அதே செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைக்க அவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

விஜயனையும் சாந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். இருவருக்கும் திறமையில் குறைவில்லை. ஒருவருக்குப் பதின்பருவம் முடியும்போதே ஒரு துறை வேலை கொடுத்தது. ஆட்டமெல்லாம் முடிந்த பிறகும் அந்தத் துறைக்கே அவரால் திரும்ப முடிந்தது. மலபார் சிறப்புப் போலீஸ் படையின் அதிகாரியாக இருந்து, அங்குள்ள போலீஸ் கால்பந்துப் பயிற்சி மையத்துக்குப் பொறுப்பேற்று, 2025-ல் முறையாக ஓய்வு பெற்றார். மற்றவர் விழுந்தபோது தாங்குவதற்கு ஒரு தரை இல்லை.

2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தியைப் படித்த மாவட்டம் இது. தண்ணீருக்கே இந்த நிலை இருக்கும்போது, ஊர்ப் பொது மைதானத்தில் காலனிப் பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்ற கேள்வி சிறியதல்ல. பல கிராமங்களில் தெருவுக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு சாதி என்று இருப்பதை ஊர் சுற்றுகிற எவரும் பார்த்திருப்பார்கள்.

பிள்ளைகளும் பெற்றோரும் செய்ய வேண்டியவை

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு ஆண்டுதோறும் 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்க்கத் தேர்வுப் போட்டி நடக்கிறது. கால்பந்தும் அதில் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. அறிவிப்பு எப்போது வரும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது.

வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று எந்த அளவில் ஆடினாலும் அதற்கான சான்றிதழைக் கையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே கோலை எண்ண மாட்டார்கள், சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். அதனால் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முக்கியம். பந்தைக் காரணம் காட்டிப் படிப்பை விட்ட பிள்ளைக்கு, முட்டி போன பிறகு இரண்டும் இருக்காது.

ஆசை வீணாகாது என்பதற்கு அடுத்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. நம் எல்லையை ஒட்டிய கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன், ராமன் விஜயனின் பயிற்சி மையத்தில் வளர்ந்து, பெங்களூரு எஃப்.சி. அணியின் முன்கள வீரராக 2022-ல் டூரண்ட் கோப்பை வென்றார். திருச்சூர் தூரமாகத் தெரியலாம். கண்டனூருக்கு நம் மாவட்டத்திலிருந்து டவுன் பஸ் போகிற தூரம்தான்.

ஊராட்சிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், மைதானம் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் பொது என்று தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள். காலனிக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே அணி கட்டச் சொல்லுங்கள். விஜயனைக் கண்டுபிடிக்க ஒரு காவல் துறைத் தலைவருக்குக் கண் இருந்தது. நம் பிள்ளைகள் யாருடைய கண்ணிலாவது பட வேண்டுமென்றால், முதலில் அவர்கள் மைதானத்தில் நிற்க வேண்டும்.