சக்கர நாற்காலி விளையாட்டும் வாழ்க்கைத் தரமும்

முதுகுத்தண்டில் காயமுற்றவர் நெடுநாள் பிழைப்பது அரிது என்று மருத்துவ உலகம் கருதிய காலம் ஒன்று இருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுமே அவர்களில் பலரின் உயிரைக் குடித்தன. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கான பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன் இந்நிலையை ஏற்க மறுத்தார். நோயாளிகளை இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்ததுடன், விளையாட்டையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். 1948 ஜூலை 29 அன்று அங்கு நடைபெற்ற வில்வித்தைப் போட்டியில் 16 பேர் கலந்துகொண்டனர். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டது இதுவே.

கால்கள் செயலிழந்தவருக்குத் தோள்களே ஆதாரம். அவை வலுப்பெற்றால் படுக்கையிலிருந்து நாற்காலிக்குப் பிறர் துணையின்றி மாறலாம். அமர்ந்தபடியே உடலை அவ்வப்போது உயர்த்திப் புண் வராமல் காத்துக்கொள்ளலாம். பதக்கம் பெறாதவருக்கும் கிட்டும் பயன் இது. கூடைப்பந்தில் வேறொரு நன்மையும் உண்டு. ஊனத்தின் அளவிற்கேற்ப ஒவ்வொரு வீரருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படுகிறது. களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டலாகாது. எனவே, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரும் அணிக்கு இன்றியமையாதவராகிறார். வீட்டில் சுமையெனக் கருதப்பட்ட ஒருவருக்கு இது சிறிய மாற்றமன்று.

விளையாடுவோர் தம் வாழ்வில் கூடுதல் நிறைவு காண்பதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. ஆயினும், மைதானம் வரை வர வசதியுள்ளவர்களே விளையாடுகின்றனர் என்பதையும் கருத வேண்டும். மேலும், நாள் முழுவதும் நாற்காலியை உந்தும் அதே தோள்களே பந்தையும் எறிகின்றன. ஓய்வும் முறையான பயிற்சியும் இன்றேல், தோள்வலி முற்றி, பெற்ற சுதந்திரமும் பறிபோகக்கூடும்.

1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர், சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில் 1972-ல் ஹைடெல்பர்க் நகரில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்பதை ஊக்குவிக்குமாறு 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அரசுக்குக் கடமை விதிக்கிறது. களத்தில் இது நிறைவேறுவது பல வேளைகளில் ஒரு கதவின் அகலத்தைப் பொறுத்தது. மைதானக் கழிப்பறைக்குள் நாற்காலி நுழைய முடியாவிடில், வீரர் பயிற்சி நாளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். அதனால், குட்மன் எதிர்த்துப் போராடிய அதே தொற்றுக்கு மீண்டும் வழி பிறக்கிறது.