மாரடைப்பும் காலத்தின் அருமையும்



வாய்க்கால் அடைபட்டால் கடைமடைப் பயிர் முதலில் வாடும், பின்னர்க் காயும். வாடிய பயிர் நீர் பாய்ந்தால் தழைக்கும்; காய்ந்தது தழைக்காது. மாரடைப்பும் அத்தகையதே. இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அத்தசை நிமிஷந்தோறும் மடிகிறது. கை அல்லது தொடையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, பலூனை விரித்து, ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயைப் பொருத்தினால் வழி திறக்கும்.

இவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. ஆகவே கோயமுத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி முதலியோர் 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாட்டை ஆராய்ந்தனர். தொலைவிலுள்ளோர்க்கு அருகிலுள்ள சிறிய மருத்துவமனையிலேயே உறைவைக் கரைக்கும் மருந்தை அளித்து, பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் முறை. ஓராண்டுக்குள் இறந்தோர், ஏற்பாட்டுக்கு முன் நூற்றுக்கு 17.6; பின்னர் 14.2.

ஆயினும் நோயாளி வீட்டை விட்டுப் புறப்பட்டாலன்றி எந்த ஏற்பாடும் பயன்படாது. நெஞ்சழுத்தத்தை வாயுப் பிடிப்பென்று கருதிச் சுக்குக் கஷாயம் காய்ச்சிக் காத்திருப்போரை நான் நம் ஊர்களில் கண்டிருக்கிறேன். நெஞ்சிறுக்கமும் வியர்வையும் கண்டால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். இதுவே என் வேண்டுகோள்.